மாமாவின் லீஃபை வாங்கலாமா?

மாமா தன்னுடைய நிசான் லீஃபை விற்கப் போகிறார். கினிகத்தேனை டவுனில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் என் அம்மாவின் அண்ணன் அவர். "வெளியில குடுக்கிறதுக்கு முன்னால ஒங்கள கேக்கணும்ல மச்சான், மாசாமாசம் தவணையா குடுங்க" என்று போன மாதம் அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். மாமா போனதும் என் பக்கம் திரும்பி, "நீதானே கெம்பஸ்ல படிக்கிற, நல்லா பாத்துச் சொல்லு" என்றார். பேராதனையில் புவியியல் படிக்கிற எனக்கு மோட்டாரைப் பற்றி என்ன தெரியும்? ஆனாலும் இரண்டு மாத லீவில் அந்தக் காரில் போகாத ஊரில்லை. அதனால் இதை எங்கள் வீட்டுக்கு எழுதிய ரிவ்யூ என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

யூடியூப்பில் எலெக்ட்ரிக் கார் ரிவ்யூ கொட்டிக் கிடக்கிறது. கொழும்பில் எடுத்தது, சென்னையில் எடுத்தது, ஒஸ்லோவில் எடுத்தது. எல்லாவற்றிலும் கார் வீட்டு கராஜிலிருந்து புறப்படும், மாலையில் அதே கராஜுக்கு வந்து வயரைச் செருகிக்கொள்ளும். நடுவில் ரோடு தட்டையாக இருக்கும். அவிசாவளை ஹட்டன் வீதியில் ஏறி வந்தவர்களுக்குத் தெரியும், எங்கள் ஊரில் தட்டையான ஒரே இடம் விளையாட்டு மைதானம்தான். மழைக்காலத்தில் அதுவும் இல்லை.

லீஃப் இலங்கைக்கு வந்த கதை சுருக்கமாக. ஜப்பானில் 2010 டிசம்பரில் வெளிவந்த கார். 2014, 2015 வாக்கில் எலெக்ட்ரிக் வாகனத்துக்கு வரி குறைவாக இருந்தபோது இங்கே நிறைய இறங்கியது. பிறகு வரி ஏறியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியே நின்றது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குக் கதவு திரும்பத் திறந்தது. இப்போது பிவைடி மாதிரி சீனக் கார்கள் பளபளவென்று வருகின்றன, ஆனால் மோட்டாரின் கிலோவொட்டைப் பார்த்து வரி போடுகிறார்கள். ஒரு குடும்பம் உட்காரக்கூடிய சைஸில் என்றால் பல கார்கள் ஒரு கோடியைத் தாண்டிவிடும். 2024இல் பேசி முடித்த தோட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. அந்தச் சம்பளத்தில் வருஷத்துக்கு 300 நாள் பேர் விழுந்தாலும், சாப்பிடாமல் ஒரு கோடி சேர்க்க 24 வருஷத்துக்கு மேல் ஆகும். ஆகவே எங்களைப் போன்றவர்களுக்கு எலெக்ட்ரிக் கார் என்றால் பத்துப் பதினொரு வயதான லீஃப்தான். (மாமா கேட்ட விலையை இங்கே எழுதினால் மாமி கோவிப்பார்.)

முதலில் நல்லதைச் சொல்கிறேன். ஏறுகிறது. சும்மா இல்லை, அப்படி ஏறுகிறது! கிளச் இல்லை, கியர் இல்லை, கொண்டை ஊசி வளைவில் முன்னால் பஸ் நின்றுவிட்டால் பின்னால் உருளுமோ என்ற பயம் இல்லை. மிதித்த நொடியில் மோட்டார் முழுப் பலத்தையும் கொடுத்துவிடுகிறது. அப்பாவின் ஆட்டோ முக்கி முனகி ஏறுகிற இடத்தில் இது பேசாமல் போகிறது. உள்ளே நாலு பேர் தாராளமாக உட்காரலாம், பின்னால் ஒரு மூட்டை அரிசியும் அம்மாவின் மரக்கறிப் பைகளும் வைக்கலாம்.

சத்தமில்லாததில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. பனி இறங்கிய சாயந்தரம், கொழுந்து நிறுத்துவிட்டு ரோட்டோரமாக வரிசையாக நடந்து வரும் அக்காமார்களுக்கு இந்தக் கார் வருவது காதில் விழாது. ஒருநாள் ஒரு அம்மா திடுக்கிட்டு, "ஏன் தம்பி, பேய் மாதிரி வாறீங்க" என்று மாமாவைத் திட்டினார். மெதுவாகப் போகும்போது காரே ஒரு மெல்லிய சத்தம் போடும்தான், ஆனால் எங்கள் மழைக்கு முன்னால் அது எங்கே கேட்கப்போகிறது. வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடிப்பதைத் தவிர வழியில்லை.

இன்னொன்று, டேஷ்போர்டில் வரும் எழுத்தெல்லாம் ஜப்பான் மொழி. தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. இந்த நாட்டில் மூன்று இனத்தையும் சமமாக நடத்துகிற ஒரே பொருள் இதுதான் என்று தம்பி சொல்வான்.

இனி பெட்டரி. புதுக் காரில் 24 யூனிட் பெட்டரி (கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட்). அதன் ஆரோக்கியத்தை மீற்றரின் ஓரத்தில் பன்னிரண்டு கோடுகளாகக் காட்டும். மாமாவின் காரில் இப்போது எட்டுக் கோடு. அப்படியென்றால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது, மிச்சம் 16 யூனிட். பழைய லீஃப் வாங்குகிற யாரும் விற்பவரின் வாயை நம்ப வேண்டாம். கோட்டையும் முழுசாக நம்ப வேண்டாம், அதை ரீசெட் பண்ணிக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு சின்ன ஓபிடி கருவியைச் செருகி, லீஃப் ஸ்பை என்ற ஆப்பில் பாருங்கள். ஊருக்கு ஒருவரிடமாவது அது இருக்கும்.

இந்தப் பெட்டரியைக் குளிராக்கத் தனி ஏற்பாடு எதுவும் கிடையாது. அதனால்தான் அமெரிக்காவில் அரிசோனாப் பாலைவனத்தில் 2012 வாக்கிலேயே லீஃப்காரர்கள் பெட்டரி சீக்கிரம் சோர்கிறது என்று சண்டைக்குப் போனார்கள். அந்த வகையில் நம்ம மலைக்குளிர் இதற்கு நல்லது. கெட்டது ஏற்றம்.

எவ்வளவு கெட்டது? ஏ.எல். கணிதம் செய்கிற தம்பியிடம் கணக்குக் கேட்டேன். ஆட்களோடு சேர்த்து 1,800 கிலோ எடையை 100 மீற்றர் உயரத்துக்குத் தூக்க அரை யூனிட் வேண்டும். இது தூக்குவதற்கு மட்டும், ஓடுவதற்குத் தனி. எங்கள் ஊரிலிருந்து ஹட்டனுக்கு 20 கிலோமீற்றர் சொச்சம், உயரத்தில் 500 மீற்றருக்கு மேல் ஏற வேண்டும். ஓடுவதற்கு மூன்றரை, தூக்குவதற்கு இரண்டே முக்கால், ஆக ஆறு யூனிட்டுக்கு மேல். பெட்டரியில் ஐந்தில் இரண்டு பங்கு ஒரே ஏற்றத்தில் போய்விடும். வட்டவளை மழையில் கண்ணாடிப் புகாரைப் போக்க ஹீட்டர் போட்டால் அதற்கும் தனிக் கணக்கு. ஆனால் திரும்பி வரும்போது பாருங்கள், மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, தூக்குவதற்குக் குடித்ததில் பாதிக்கு மேல் திருப்பித் தருகிறது. போய் வர எட்டு யூனிட். தாங்கும். நுவரெலியா 1,868 மீற்றர், ஹட்டனிலிருந்து இன்னும் நாற்பது சொச்சம் கிலோமீற்றர். அதற்கு இந்தக் கார் இல்லை. ஒருமுறை மாமா தலவாக்கலையோடு திரும்பிவிட்டார்.

இறக்கத்தில் ஒரு விஷயம் முக்கியம், எந்த ரிவ்யூவிலும் நான் கேட்காதது. பெட்டரி நிறைந்திருந்தால் திருப்பித் தருகிற கரண்டை வாங்க அதற்கு இடமில்லை. அப்போது மோட்டார் காரைப் பிடிக்காது, முழுப் பாரமும் சாதாரண பிரேக்கின் தலையில். கித்துல்கலைக்கு இறங்குகிற வளைவுகளில் அது விளையாட்டில்லை. கீழே போகிற நாளில் மாமா 80 சதவீதத்தோடு வயரைக் கழற்றிவிடுவார். மலையில் வண்டி வைத்திருக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

பேராதனை ஐம்பது கிலோமீற்றருக்குக் கிட்ட. என்னைக் கொண்டுபோய் விடும், ஆனால் அப்படியே திரும்பி வராது. நாவலப்பிட்டியில் சொந்தக்காரர் வீட்டில் இரண்டு மணித்தியாலம் செருக வேண்டும். டீ வரும், வடை வரும், "சோறு தின்னுட்டே போங்களேன்" வரும். மாமா இப்போது அந்த வீட்டுக்குப் போகக் கூச்சப்படுகிறார்.

ஆகவே காருக்கு என் மார்க்? டவுனில் இருக்கிற குடும்பத்துக்கு, பள்ளிக்கூடம், நாவலப்பிட்டி ஆஸ்பத்திரி, ஹட்டன் என்று ஓடுகிற நாளாந்தத்துக்குத் தாராளமாக வாங்கலாம். இரவு 10.30இலிருந்து காலை 5.30 வரை மலிவாகக் கொடுக்கிற நேரக் கட்டணம் கிடைத்தால் இன்னும் நல்லது. இல்லையென்றால் மாத யூனிட் 180ஐத் தாண்டி, சேமித்ததைக் கரண்ட் பில் தின்றுவிடும்.

ஆனால் அப்பா ஏன் இதைக் கேட்டார் என்று எனக்குத் தெரியும். 2022இல் இரண்டு ராத்திரி பெற்றோல் கியூவில் ஆட்டோவுக்குள் படுத்திருந்தார். அப்போது மாமா அவருக்குச் சோறு கொண்டுபோனது இந்த லீஃபில். அந்த வருஷம் மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். ஆனாலும் வந்த நேரத்தில் செருகி மாமா ஓடினார். அதை அப்பா மறக்கவில்லை.

நாங்கள் இருப்பது டவுனில் இல்லை. மெயின் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீற்றர் மேலே, லயத்தில். அந்தத் தோட்டத்து ரோட்டில் கல் முட்டி நிற்கிறது. லீஃபின் பெட்டரி வயிற்றுக்கடியில் இருக்கிறது. சரி, மெதுவாக ஒடித்து ஒடித்து வந்துவிடலாம் என்றே வைப்போம். வந்து எங்கே செருகுவது? எங்கள் வீட்டு வயரிங் என் வயதை விடப் பழையது. ரைஸ் குக்கரும் அயனும் ஒன்றாகப் போட்டால் லைட் மங்கும். அதில் எட்டு மணித்தியாலம், ராத்திரி முழுக்க, ஒரு காரைத் தொங்கவிடுவதா? லயம் தீப்பிடித்த செய்தியை மாதத்துக்கொரு தடவை பேப்பரில் பார்க்கிறோம், மின்னொழுக்கு என்று கடைசி வரியில் போட்டிருக்கும். பத்து வீட்டுக்கு ஒரே கூரை. எங்கள் பிளக் சூடாகினால் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் புத்தகமும் சேர்ந்து எரியும்.

இதில் எனக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், கரண்ட் எங்கிருந்தோ வருவதில்லை. நோர்ட்டன் பிரிட்ஜ் ரோட்டில் போனால் லக்சபான. 1918இலேயே விமலசுரேந்திர கணக்குப் போட்டுக் காட்டி, 1950இல் ஓடத் தொடங்கிய மின்நிலையம். அதற்குப் பிறகு வந்த பொல்பிட்டியவும் பக்கத்தில்தான். எங்கள் மலைத் தண்ணீரில் பிறந்த கரண்ட், எங்கள் தலைக்கு மேலே பெரிய டவர் கம்பியில் கொழும்புக்குப் போகிறது. லயத்துக்குள் லைட் வந்தது அம்மா கல்யாணம் முடித்து வந்த பிறகு.

காரை மாமா கடையில் நிறுத்திச் செருகிவிட்டு நடந்து வரலாமே என்று அம்மா கேட்டார். பகலுக்குச் சரி. அப்பாயிக்கு வீசிங் வருவது ராத்திரி இரண்டு மணிக்கு. அந்த நேரத்தில் வாசலில் நிற்பது ஆட்டோ. அதை விற்றுத்தான் லீஃபின் முதல் தவணை கட்ட வேண்டும்.

மாமாவுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. தம்பி டவுனில் வயரிங் செய்கிற ஒருவரிடம் விசாரித்து வந்தான். லயத்தை விட்டுத் தள்ளி ஒரு சின்ன ஷெட், அதற்குத் தனி லைன், சரியான பிரேக்கர், எர்த். செய்யலாமாம். ஆனால் மண் எங்களுடையதில்லை, முதலில் தோட்டத்து ஒபீஸ் எழுத்தில் அனுமதி தர வேண்டும். அந்தக் கடிதத்தைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். "எங்கள் வீட்டில் கார் ஒன்று இல்லை, ஆனால்" என்று தொடங்கினேன். சரிவரவில்லை, அடித்துவிட்டுத் திரும்ப எழுதுகிறேன்.