காலம் கடந்த மனுவும் ஜனாஸா கேள்வியும்

2023 மார்ச் 9இல் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் நடக்கவில்லை. இங்கே ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவு பிரதேச சபைகளுக்கும் அதே கதிதான். திகதி போன பிறகு வழக்கு எதற்கு என்று நானும் நினைத்தேன். ஆனால் 2024 ஆகஸ்ட் 22இல், அடிப்படை உரிமை மீறப்பட்டது என்றே உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. போன நாள் திரும்பாவிட்டாலும் நடந்தது தவறு என்று பதிவாகிவிட்டது.

ஜனாஸா விடயத்தில் அந்தப் பதிவுகூட நமக்கில்லை. கொவிட் உடல்களைக் கட்டாயம் எரிக்கச் சொன்ன வர்த்தமானி 2020 ஏப்ரல் 11இல் வந்தது. மே மாதமே மனுக்கள் போயின. இப்படியான மனுவை இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 126(5). டிசம்பர் 1 வரை இழுபட்டு, காரணம் கூறப்படாமலே, பெரும்பான்மை முடிவாக விசாரணைக்கு அனுமதி மறுக்கப்பட்டது. தேர்தல் மனுக்கள் விசாரணைக்கு ஏற்கப்பட்டிருந்தன; நம்முடையவை வாசலோடு திரும்பின. அதற்குள் எரிக்கப்பட்ட மையித்துகளின் குடும்பங்களுக்கு, வென்றிருந்தாலும் அடக்குவதற்கு என்ன இருந்தது?

2021 பெப்ரவரி 25இல் அரசாங்கமே நல்லடக்கத்தை அனுமதித்தது. முதலில் இரணைதீவு என்றார்கள். அங்குள்ள மக்கள் எதிர்க்க, ஓட்டமாவடிக்கு மாறியது. அந்த நிம்மதியில் சட்டக் கேள்வியை நாமும் விட்டுவிட்டோம். கட்டளை போன பின் அதைக் கேட்பதற்கு வழக்கும் இல்லை. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் கட்டளைச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் அமைச்சர் மார்க்கக் கடமையை எவ்வளவு தூரம் தடுக்கலாம் என்பதற்கு மட்டும் இன்னும் தீர்ப்பில்லை.