அரை வினாடி சொன்ன பாடம்



எவரும் திருத்தம் அனுப்பலாம் என்று திறந்து வைக்கப்பட்ட கணிப்பொறி நிரல்கள் பல உண்டு. வருகின்ற திருத்தங்களில் எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்று முடிவு செய்பவர் அந்நிரலின் பொறுப்பாளர்.

கோப்புகளைச் சுருக்கும் ‘எக்ஸ்இசட்’ என்ற நிரலைப் பல ஆண்டுகள் ஏறத்தாழ ஒருவரே பராமரித்து வந்தார். நல்ல திருத்தங்களை அனுப்பி வந்த ஒருவர் அவருடைய நம்பிக்கையைப் பெற்று, இணைப் பொறுப்பாளரும் ஆனார். 2024 பிப்ரவரியில் வெளிவந்த பதிப்பில் அவரே ஒரு கள்ளக் கதவை ஒளித்து வைத்தார். அதன் வழியாக லினக்ஸ் கணிப்பொறிகளுக்குள் அயலார் புகுந்துவிட முடியும்!

மார்ச் மாதம் ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்னும் பொறியாளர், தம் கணிப்பொறியில் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாவதைக் கவனித்தார். ‘அரை வினாடிதானே’ என்று விடாமல் காரணத்தைத் தேடினார். கள்ளம் வெளிப்பட்டது.

ஆளை நம்புவது தவறன்று. ஆனால் எவர் அனுப்பிய திருத்தமானாலும் இன்னொருவர் சோதித்த பின்பே சேர வேண்டும் என்பது என் கருத்து. ஆய்வுக்கூடத்தில் நண்பனின் அளவீட்டை நாம் மறுபடி அளந்து பார்ப்பதில்லையா? அது அவனை அவமதிப்பதாகுமா?

சோதிக்கும் வேலையை ஒருவர் தலையில் மட்டும் சுமத்தவும் கூடாது. ஆகவே நிரல் எழுதப் பழகும் நீங்கள், பிறர் எழுதியதைப் பொறுமையாகப் படிக்கவும் பழகுங்கள்.