மருந்தை நிறுத்தியும் அடங்காத கிருமிகள்

1990-களின் நடுவில் டென்மார்க்கின் பன்றிப் பண்ணைகளில் ஒரு புதிர் எழுந்தது. பன்றிகளும் கோழிகளும் விரைவாகக் கொழுக்க அந்நாட்டில் தீவனத்தில் அவோபார்சின் என்ற ஆன்டிபயாடிக் கலக்கப்பட்டு வந்தது. மருத்துவமனைகளில் மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகு எடுக்கப்படும் வான்கோமைசினும் இதே குடும்பம்தான். வான்கோமைசினுக்கு அடங்காத என்டெரோகாக்கஸ் கிருமி பண்ணைகளில் பெருகுவது தெரிந்ததும், 1995இல் டென்மார்க் அவோபார்சினைத் தடை செய்தது. கோழிகளிடம் அந்தக் கிருமி குறைந்தது. பன்றிகளிடம் குறையவில்லை.

காரணம் கிருமிக்குள் இருந்தது. வான்கோமைசினை எதிர்க்கும் மரபணுவும், டைலோசின் என்ற வேறொரு மருந்தை எதிர்க்கும் மரபணுவும் ஒரே பிளாஸ்மிடில், அதாவது ஒரு பாக்டீரியா மற்றொன்றுக்குக் கைமாற்றிக் கொடுக்கக்கூடிய டி.என்.ஏ. வளையத்தில் இருந்தன. ஒரே தாம்பில் கட்டிய மாடுகள்போல, ஒன்றை இழுத்தால் மற்றதும் கூடவே வரும். பன்றிகளுக்கு டைலோசின் தொடர்ந்து கிடைத்தது. 1998இல் அதையும் நிறுத்திய பிறகே எதிர்ப்பு சரியத் தொடங்கியது.

கதை அங்கே முடிந்திருந்தால், மருந்துகளைக் கட்டுப்படுத்தினால் போதும் என்று நிம்மதி அடைந்திருக்கலாம். ஆனால் ஹென்ரிக் ஹாஸ்மன், ஃபிராங்க் ஆரெஸ்ட்ரப் ஆகியோரின் ஆய்வு, அதே கிருமியில் செம்பைத் தாங்கும் மரபணு ஒன்றையும் கண்டது. அதுவும் அதே தாம்பில்தான் கட்டுண்டிருந்தது. பன்றிக்குட்டிகளின் தீவனத்தில் மயில்துத்தம் என்ற செம்பு உப்பைச் சேர்ப்பது வழக்கம். கிலோவுக்கு 175 மில்லிகிராம் செம்பு கலந்த தீவனத்தைத் தின்ற குட்டிகளிடம் செம்பைத் தாங்கும் கிருமிகள் பெருகியதை அவர்களின் குழு பின்னர் சோதனையிலேயே காட்டியது. மருந்து செய்த வேலையை மயில்துத்தமும் செய்யும் என்பதே இதன் பொருள்.

பிளாஸ்மிட் என்ற வாகனம் புதிதல்ல. ஆன்டிபயாடிக் யுகத்துக்கு முன்பே சேகரித்துப் பாதுகாக்கப்பட்ட பாக்டீரியாக்களை விக்டோரியா ஹியூஸ், நவோமி தத்தா இருவரும் 1983இல் ஆராய்ந்தபோது, அவற்றில் பிளாஸ்மிட்கள் ஏற்கெனவே இருந்தன. மருந்து எதிர்ப்பு மரபணுக்கள்தான் அநேகமாக இல்லை. மனிதன் மருந்து செய்யத் தொடங்கியதும், தயாராக இருந்த வாகனத்தில் அவை ஏறிக்கொண்டன. பாதரசத்தைச் சமாளிக்கும் மரபணுக்களோ மிகப் பழமையானவை. 1993இல் அமெரிக்காவின் ஆன் சம்மர்ஸ் குழு, குரங்குகளின் பற்களைப் பாதரசக் கலவையால் அடைத்துப் பார்த்தது. சில வாரங்களில் அவற்றின் வாயிலும் குடலிலும் பாதரசத்தைத் தாங்கும் பாக்டீரியாக்கள் பெருகின. அவற்றில் பல, ஆன்டிபயாடிக்குகளுக்கும் அடங்கவில்லை. இத்தனைக்கும் அந்தக் குரங்குகளுக்கு ஆன்டிபயாடிக் எதுவும் கொடுக்கப்படவில்லை.

செம்புப் பாத்திரம் கிருமியைக் கொல்லுமே என்று கேட்கலாம். கொல்லும். சிக்கல், கொல்லாத அளவில் இருக்கிறது. சுவீடனின் உப்சாலாவில் மருத்துவமனைத் தொற்றை உண்டாக்கிய கிளெப்சியெல்லா கிருமியின் பிளாஸ்மிட்டை எடுத்து ஆராய்ந்த விஞ்ஞானிகள் 2014இல் வெளியிட்ட முடிவு கவலை தருவது. கிருமியைக் கொல்லாத சொற்ப அளவு ஆர்சனிக் இருந்தாலே, பல மருந்துகளை எதிர்க்கும் அந்தப் பிளாஸ்மிட் உள்ள பாக்டீரியாக்கள் மற்றவற்றை முந்தின. உலோகமும் மருந்தும் சேர்ந்திருந்தால் இன்னும் குறைந்த அளவே போதுமானதாக இருந்தது. மருந்தாவது ஆற்றிலும் மண்ணிலும் நாளடைவில் சிதையும். உலோகம் சிதையாது. ஒருமுறை கொட்டிய குரோமியமும் பாதரசமும் தலைமுறைகளுக்கு அங்கேயே இருக்கும்.

ஐரோப்பிய ஒன்றியம் இதை உணர்ந்தது. பன்றிக்குட்டிகளின் வயிற்றுப்போக்குக்குத் தீவனத்தில் மருந்தளவில் கலந்துவந்த துத்தநாக ஆக்சைடை 2022 ஜூனில் நிறுத்தியது. இந்தியா 2019இல் பண்ணை விலங்குகளுக்குக் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தருவதைத் தடை செய்தது. மிகச் சரியான முடிவு. ஆனால் அது பாதி வேலை. மறுபாதி, தீவனத்தில் உள்ள உலோகம். கோழிக்கும் பன்றிக்கும் செம்பும் துத்தநாகமும் தேவை என்பதை யாரும் மறுக்கவில்லை. தேவைக்கு மேல் ஊட்டுவதில் பெரும்பகுதி எச்சமாக வெளியேறி, எருவாக வயலுக்குப் போகிறது. அந்த எருவில் உலோகம் எவ்வளவு என்பது மருந்து எதிர்ப்பைப் பற்றிய கேள்வியும்தான். நாம் அதை வேளாண்மைக் கணக்கில் எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம்.

உலோகத்தை அளப்பது ஒரு துறை, கிருமியை அளப்பது வேறொரு துறை என்ற பிரிவினை இனியும் கூடாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எடுக்கும் நீர், மண் மாதிரிகளிலேயே மருந்து எதிர்ப்பு மரபணுக்களையும் தேட வேண்டும். முடிவுகள் சுகாதாரத் துறையின் மேசைக்கும் போக வேண்டும். தோல் ஆலைகளின் குரோமியம் நிலத்தடி நீர்வரை இறங்கிய பாலாற்றுப் படுகையில், ராணிப்பேட்டையிலிருந்தே தமிழக அரசு இதைத் தொடங்கலாம்.