ஏசி ரூமுல முள்ளெலி

பட்டணத்துத் தம்பி தங்கச்சிகளே, கோவப்படாமக் கேளுங்க. முள்ளெலி வளக்கிறது இப்போ ஒரு ஆசையாப் போச்சு. கடையில விக்கிறது நம்ம ஊர் இனம் இல்ல, ஆப்பிரிக்காவோட வெக்கையில பொறந்து வளந்த இனம். அதுக்கு 24 டிகிரிக்குக் குறையாத சூடு வேணும். நீங்களோ ஏசிய 20-ல வச்சிட்டுப் போர்வைய இழுத்து மூடிக்கிறீங்க. அதுக்கு ஏது போர்வை? பெங்களூருல மார்கழிக் குளிர்னு ஒண்ணு இருக்கு, சரி. சென்னையில குளிரே அந்தப் பெட்டிக்குள்ள இருந்துதானே வருது!

குளிர் கூடினா அந்த உயிர் சுருண்டு மரத்துக் கிடக்கும். "குளிர்காலத் தூக்கம், இயற்கைதானே" என்று விட்டுவிடுகிறார்கள். இங்கதான் எனக்கு வயிறு எரியுது. மாசக்கணக்கா உறங்குறது ஐரோப்பா முள்ளெலி. அது அதுக்குன்னே கொழுப்பு சேத்து வச்சிக்கிடும். உங்க வீட்டுல கெடக்குறது அப்படியே செத்துப்போகும். வயித்தத் தொட்டுப் பாருங்க. ஜில்லுன்னு இருந்தாலோ, நடக்கையில தள்ளாடினாலோ சட்டைக்குள்ள விட்டு நெஞ்சுச் சூட்டுல மெதுவாத் தேத்துங்க. வெந்நீர் பாட்டிலத் துணியில சுத்திப் பக்கத்துல வைக்கலாம். வெந்நீர்ல முக்கிடாதீங்க. கையோட டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுங்க.

கோழிக்குஞ்சுக்கு நாங்க குண்டு பல்பு போடுவோம். அது இதுக்கு ஆகாது. ராத்திரி நடமாடுற உயிரு, விடிய விடிய வெளிச்சம் இருந்தா வெளிய வந்து தின்னவே செய்யாது. வெளிச்சமில்லாத பீங்கான் ஹீட்டர் வேணும், சூட்டை அளந்து நிறுத்துற கருவி வேணும், கரண்டு போனா மாத்து ஏற்பாடு வேணும். இவ்வளவுக்கும் வக்கில்லைன்னா எதுக்கு வாங்குறீங்க?

இன்னொரு கூட்டம் இருக்கு. நம்மூரு முள்ளெலின்னா குளிரு வெயிலு எல்லாம் தாங்குமே, தேரிக்காட்டுல ஒண்ணு பிடிச்சுத் தாங்கன்னு எங்கிட்டயே கேக்காங்க. தென்னிந்தியாவை விட்டா உலகத்துல வேற எங்கயும் இல்லாத இனம் அது. கக்குவான் இருமலுக்கு மருந்துன்னு அதோட முள்ளுக்காகக் கொன்னாங்க. ரோட்டுல வண்டி ஏறிச் சாகுறது தனிக்கணக்கு. மிச்சத்துக்கு உங்க கண்ணாடிப் பெட்டியா?

ராத்திரி எங்க வேலியோரமா வரும். வண்டு, கரையான்னு மேஞ்சிட்டுப் போகும், கூலி கேக்காது. எவ்வளவு ரூவா குடுத்தாலும் நான் பிடிச்சுத் தரமாட்டேன். போன் பண்ணாதீங்க.