தேவையை அறிவதும் குறையை விதைப்பதும்

எந்தப் பொருளை விற்றால் பணம் ஈட்டலாம் என்று கேட்டு வரும் இளைஞர்களுக்கு வணிகப் பயிற்சியாளர்கள் தவறாமல் காட்டும் படம் ஒன்று உண்டு. ஐந்து அடுக்குகள் கொண்ட முக்கோணம் அது. அடியில் உணவும் உறக்கமும், அதன்மேல் பாதுகாப்பு, அடுத்து அன்பும் உறவும், பிறகு மதிப்பு, உச்சியில், தன் ஆற்றலை முழுமையாக மலரச் செய்தல். ஓர் அடுக்கைத் தேர்ந்தெடு, அதற்கேற்ற பொருளைத் தேடு, வெற்றி உனதே என்பது அவர்தம் உபதேசம். உளவியல் என்னும் முத்திரையோடு வழங்கப்படும் இந்த உபதேசத்தை நாம் மறுக்கிறோம்.

முதலாவதாக, ஆப்ரகாம் மாஸ்லோ 1943-இல் வெளியிட்ட கட்டுரையில் அந்த முக்கோணமே இல்லை. பின்னாளில் மேலாண்மைத் துறையினர் வரைந்து சேர்த்தது அது. தேவைகளின் வரிசை மாறாத ஒன்றன்று என்பதையும் அவரே அக்கட்டுரையில் விளக்கியிருக்கிறார். அவர் சொன்னவற்றுள் வணிகர்கள் வசதியாக மறந்துவிடும் கருத்து மற்றொன்று உண்டு: நிறைவேறிய தேவை மனிதனை இயக்குவதில்லை. இதன் பொருள் என்ன? வயிறு நிறைந்தவன் சோறு வாங்கமாட்டான். ஆகவே அடுக்குகளைப் பார்த்துப் பொருள் தேடும் வணிகனுக்கு மனநிறைவு பெற்ற மனிதனால் பயனில்லை. எங்கே குறை உள்ளது என்று தேடுகிறான். குறை இல்லாத இடத்தில் அதை விதைக்கிறான்.

இது கற்பனைக் குற்றச்சாட்டு அன்று. 1879-இல் அமெரிக்காவில் கிருமிநாசினியாகப் பிறந்த லிஸ்டரின், 1920-களில் வாய் நாற்றத்திற்கு மருந்தாக வேடம் புனைந்தது. மருத்துவ அகராதியின் மூலையில் கிடந்த 'ஹாலிடோசிஸ்' என்ற சொல்லை விளம்பரக்காரர்கள் தூசு தட்டி எடுத்தார்கள். உமக்கு அந்நோய் இருப்பதை நண்பர்களும் உம்மிடம் கூறமாட்டார்கள், அதனாலேயே உமக்கு மணமாகவில்லை என்று அச்சுறுத்தினார்கள். விற்பனை பன்மடங்கு பெருகியது. பிராய்டின் மருமகனான எட்வர்ட் பெர்னேஸ், 1929-இல் நியூயார்க் ஈஸ்டர் ஊர்வலத்தில் பெண்களைப் புகைபிடிக்கச் செய்து, அவர்கள் கையிலிருந்த சிகரெட்டுகளுக்கு 'விடுதலைத் தீப்பந்தங்கள்' என்று பெயர் சூட்டினார். சமமதிப்பு வேண்டிய பெண்களின் நியாயமான வேட்கைக்கு விடையாகக் கிடைத்தது புகையிலை!

நம் நாட்டுக்கு வருவோம். 1975-இல் இந்தியச் சந்தையில் நுழைந்த ஃபேர் அண்ட் லவ்லி களிம்பின் விளம்பரங்கள், கருநிறப் பெண்ணுக்கு மணமும் வேலையும் தள்ளிப்போவதாகவும், களிம்பு பூசியதும் அவை தேடி வருவதாகவும் கதை சொல்லின. கருநிறத்தால் பெயர்பெற்ற மாயோனை முல்லைத் தெய்வமாகப் போற்றிய மரபில் வந்த பெண்பிள்ளைகள், கண்ணாடி முன் நின்று தம் தோலை வெறுக்கக் கற்றார்கள். கடும் கண்டனத்திற்குப் பிறகு 2020-இல் அதன் பெயர் க்ளோ அண்ட் லவ்லி என மாறியது. பெயரை மாற்றுவதற்கு ஓர் அறிவிப்புப் போதும். மனத்தில் ஊன்றிய இழிவைப் பெயர்த்தெடுக்க எத்தனை தலைமுறை வேண்டுமோ!

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இளிவரல் என்னும் உணர்வுக்கு மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என நான்கு நிலைக்களன்களை வகுத்துக் காட்டுகிறது. தன்னைத் தானே தாழ்வாக உணரும் மனிதனைக் கவிதை வழியே புரிந்துகொள்ள அமைந்த வகைப்பாடு அது. இன்றைய கடைத்தெருவில் மூப்புக்குத் தலைச்சாயம், மென்மைக்குச் சத்துமாவு என்று அந்நான்கும் விலைப்பட்டியலாகி நிற்கின்றன. மனித மனத்தை அறிதல் ஒரு கலை. அறிந்ததை அவனுக்கு எதிராகவே பயன்படுத்துதல் கலையாகுமா?

'அப்படியானால் தேவையறிந்து விற்பதே பாவமா?' என்று அன்பர்கள் வினவலாம். இல்லவே இல்லை. கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம், தம் மனைவி மாதவிலக்கு நாள்களில் பழந்துணியைப் பயன்படுத்துவதைக் கண்டு, குறைந்த செலவில் அணையாடை செய்யும் இயந்திரத்தை உருவாக்கினார். சிற்றூர்களின் மகளிர் குழுக்களுக்கு அது தொழிலும் தந்தது. 2016-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அங்கே தேவை முன்பே இருந்தது, வெட்கமும் முன்பே இருந்தது. அவர் வெட்கத்தை விற்கவில்லை, அதைக் குறைத்தார். அதுவும் வணிகம்தான்.

ஆகவே தொழில் தொடங்கும் இளைஞர்களிடம் நாம் வேண்டுவது இதுவே. முக்கோணத்தை மடித்து வையுங்கள். உங்கள் பொருளை வாங்குவதற்கு முன் அந்த மனிதர் தம்மை வெறுத்தாக வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்று விடை வந்தால், அந்தப் பொருள் எத்துணை இலாபம் தருவதாயினும் கைவிடுங்கள். பிறர் நெஞ்சில் புண் உண்டாக்கி அதற்கு மருந்து விற்பவனை வணிகன் என்று அழைக்கத் தமிழ் நமக்குக் கற்பிக்கவில்லை.