முன்றில்

வீடு என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் சுவரும் கூரையும் தோன்றும். ஆயின், நம் முன்னோர் வீட்டைக் கூரையோடு முடிந்துவிடும் ஒன்றாகக் கருதினாரல்லர். கூரைக்கு வெளியே, தெருவுக்கு உள்ளே, நிழலும் காற்றும் பொருந்தக் கிடந்த ஓரிடத்தையும் வீட்டின் உறுப்பாகவே கொண்டனர். அவ்விடத்திற்கு அவர்கள் இட்ட பெயர் முன்றில் என்பது. 'இல்முன்' என்னும் தொடரே முன்பின்னாக மாறி 'முன்றில்' என நின்றது என்றும், இஃது இலக்கணப்போலி என்றும் நீங்கள் இலக்கண வகுப்பில் கற்றிருப்பீர்கள். இலக்கண நூலில் வாழும் இச்சொல் குறித்த இடம், நம் தெருக்களில் வாழ்கின்றதா? இதுவே ஈண்டு நாம் எண்ணிப் பார்க்க வேண்டுவது.

வடக்கே வேம்பாறு, தெற்கே மணப்பாடு, இடையே தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம் முதலிய ஊர்களைக் கொண்ட கடற்கரையை முத்துக்குளித்துறை என்று வழங்குவர். பாண்டியரின் கொற்கைத் துறையும் இப்பகுதியதே. கடல் விலகிச் சென்றமையால் கொற்கை இன்று உள்நாட்டுச் சிற்றூராய் இருக்கின்றது. முத்துக்குளித்தலும் 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. எனினும், சங்கு குளித்தலும் மீன் பிடித்தலும் உப்பு விளைத்தலும் இன்றும் நிகழ்கின்றன. கொளுத்தும் வெயிலும் உவர்க்காற்றும் மிக்க இக்கரையில் வாழ்வோர்க்கு முன்றில் ஓர் ஆடம்பரம் அன்று. அஃது இன்றியமையாத வாழ்விடம்.

பழைய வீடுகளை நோக்குங்கள். தெருவை அடுத்து, நிலத்தினின்றும் உயர்த்திக் கட்டிய திண்ணை. அதன்மேல் தாழ்ந்து இறங்கிய கூரை. உள்ளே வானம் தெரியும் முற்றம். பின்னால் முருங்கையும் வாழையும் நின்ற கொல்லை. காரை வீடாயின் மேலே மொட்டைமாடி. இவை ஒவ்வொன்றும் ஒரு வேளைக்கு உரியது. காலை முற்றத்திற்கு உரியது. நண்பகல் திண்ணை நிழலுக்கு உரியது. மாலை வாசலுக்கு உரியது. புழுக்கம் மிக்க இரவு மாடிக்கு உரியது. கதிரவன் நகர நகர, மக்களும் நிழலையும் காற்றையும் தொடர்ந்து இடம் மாறி வாழ்ந்தனர். கீழ்த்திசைக் கடலிலிருந்து கொண்டல் வீசும்பொழுது வாசலில் இட்ட நார்க்கட்டிலில் அமர்ந்தவர்க்கு விசிறியும் வேண்டியதில்லை.

இவ்வமைப்பின் நுட்பம் எளிதில் விளங்கக்கூடியது. தாழ்ந்த கூரையின் நிழல், வெயில் சுவரைத் தாக்காமல் காக்கின்றது. வீட்டினுள் சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலெழும்ப, தெருப்பக்கத்துக் குளிர்ந்த காற்று உள்ளே நுழைகின்றது. மணலும் மண்ணும் பரந்த தரை நீர் தெளித்தவுடன் குளிரும். பூவரசும் வேம்பும் புன்னையும் உவர்க்காற்றைத் தாங்கி வளர்ந்து நிழல் தரும். இவற்றுள் எதற்கும் மின்சாரம் வேண்டா.

முன்றிலை அழகுசெய்தலும் புதிய வழக்கம் அன்று. நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் பாண்டியன் அரண்மனை முற்றம் கூறப்படுகின்றது. அம்முற்றத்திற்குப் புலவர் கூறும் அணிகளுள் ஒன்று, கொண்டுவந்து பரப்பிய மணல்! இச்செய்யுளைக் கொண்ட பத்துப்பாட்டை உ. வே. சாமிநாதையர் 1889ஆம் ஆண்டில் அச்சிட்டு வெளியிட்டார். அதனைப் படிக்குந்தோறும் எனக்கு ஓர் எண்ணம் தோன்றும். முத்துக்கு உரிமை பூண்ட வேந்தன் முற்றத்திலும், அம்முத்துக்காக மூச்சடக்கி மூழ்கிய பரதவன் முற்றத்திலும் கிடந்தது ஒரே மணல் அன்றோ! முன்றிலின் அழகு பொருட்செலவால் வருவதன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

நற்றிணை 172ஆம் பாட்டில் ஓர் இனிய செய்தி உண்டு. கடற்கரைச் சிறுமியர் மணலில் புன்னை விதையை அழுத்தி விளையாடினர். அவர்கள் மறந்துபோன விதை முளைத்தது. அதனைப் பாலும் நெய்யும் பெய்து வளர்த்தனர். 'இம்மரம் உனக்குத் தங்கை' என்று தாய் மகளுக்குக் கூறினாள். அதனால், அம்மரத்தடியில் காதலனோடு நகைத்துப் பேசவும் அப்பெண் நாணினாள். மரத்தை அழகுப்பொருளாக எண்ணாமல் உடன்பிறப்பாக எண்ணிய மக்களின் வாரிசுகள் நாம் என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

முன்றில் உழைப்புக்கும் இடமாயிற்று. மீனவர் குடியிருப்புகளில் அங்கேதான் கிழிந்த வலையைப் பழுது பார்ப்பர், மீனை உணக்குவர். பனை மிகுந்த உடன்குடிப் பக்கத்தில் மகளிர் அங்கே அமர்ந்து ஓலைப்பெட்டி முடைவர். மார்கழியில் கோலமும், கிறித்து பிறப்பு நாளில் விண்மீன் விளக்கும் ஒளிர்வது முன்றிலிலேயாம். ஆகஸ்டு 5ஆம் நாள் தூத்துக்குடிப் பனிமய மாதா திருவிழாவிற்கு வரும் உறவினர், வீட்டினுள் இடம் போதாதாயின், வாசலிலேயே அமர்ந்து அளவளாவுவர். கூடை சுமந்து மீன் விற்கும் மூதாட்டி பாரத்தை இறக்கி இளைப்பாறியதும் யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில்தான். உ. வே. சாமிநாதையர் போன்ற பேரறிஞர் இளமையில் பயின்றதும் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அன்றோ!

வீட்டின் மற்றைப் பகுதிகள் எல்லாம் நமக்காக அமைந்தவை. முன்றில் ஒன்றே பிறர்க்காகவும் அமைந்தது. இதுவே அதன் தனிச்சிறப்பு என்பது என் கருத்து. வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். அவ்வறம் தொடங்கும் இடம் அடுக்களை அன்று, வாசலே ஆகும்.

இவ்வாறு கூறுவதனால், பழைய திண்ணை குறையற்றது என்று கொள்ளற்க. வழிப்போக்கர்க்கு இடம் தந்த திண்ணைகள் பல, பிறப்பின் பேரால் சிலர்க்கு இடம் மறுத்தன. அவர்கள் தெருவில் நின்றே பேசிச் செல்ல நேர்ந்தது. முன்திண்ணை ஆடவர்க்கும் பின்கட்டு பெண்டிர்க்கும் என்று வகுத்த வீடுகளும் பல. இக்குறைகளை மறைத்துப் பழமையைப் போற்றுவது உண்மைக்கு மாறாகும். திண்ணையை மீட்க விரும்புவோர் அக்குறைகளைக் களைந்து மீட்டல் வேண்டும். யாவரும் அமரத்தக்க திண்ணையே திண்ணை, ஏனையது வெறுங்கல்.

இன்று நிகழ்வது யாது? தெருவை அகலமாக்கவும், வண்டி நிறுத்தவும், கூடுதலாக ஓர் அறை எடுக்கவும் திண்ணைகள் இடிக்கப்படுகின்றன. அவ்விடங்களில் உயர்ந்த மதிலும் இரும்புக் கதவும் எழுகின்றன. முற்றம் காரையாலோ வழவழப்பான ஓடுகளாலோ மூடப்படுகின்றது. நான் வாழும் தெருவிலும் இவ்வாறு திண்ணைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. மாலையில் அங்கே கூடியிருந்த முதியோர் இப்பொழுது தத்தம் அறையில் தனித்திருக்கின்றனர். ஒருவர் இரண்டு நாள் நோயுற்றுக் கிடந்ததை எதிர்வீட்டார் மூன்றாம் நாளே அறிந்தனர். திண்ணை இருந்த காலத்தில், ஒரு மாலை அவர் வாராதிருந்தாலே யாரேனும் சென்று கதவைத் தட்டியிருப்பர்.

'இடமோ சிறிது, திருடர் அச்சம் பெரிது, கொசுத் தொல்லையும் உண்டு, எங்ஙனம் திண்ணை வைப்பது?' என்று சிலர் வினவுவர். இவை பொருளற்ற வினாக்கள் அல்ல. ஆயினும், நான்கடி நீளமுள்ள கல்லிருக்கை ஒன்று வண்டி நிறுத்தும் இடத்தின் ஓரத்திலும் அடங்கும். தெருவில் மக்கள் அமர்ந்திருப்பதே திருடர்க்குப் பெருந்தடை. தொட்டிகளில் நீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் கொசு பெரிதும் குறையும். மனம் இருப்பின் இடம் கிடைக்கும். மனம் இல்லாதார்க்கு மாளிகையிலும் இடம் இராது.

நம் எதிர்க்கரையில் உள்ள இலங்கையில் செஃப்ரி பாவா என்னும் கட்டடக் கலைஞர் (1919–2003) இதனைச் செய்து காட்டினார். கொழும்பு நகரின் நெருக்கமான மனைகளிலும் முற்றமும் வராந்தாவும் மரமும் பொருந்திய புதுக்கால வீடுகளை அவர் அமைத்தார். அவற்றைக் காண உலகின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர். நம் பாட்டனார் வீட்டில் நாம் பழமை என்று இடித்த ஒன்றைப் பிறர் புதுமை என்று போற்றுவது வியப்பன்றோ!

காரையால் மூடிய முற்றத்தால் வேறொரு கேடும் உண்டு. கடற்கரை ஊர்களில் நிலத்தடி நன்னீர், உவர்நீரின்மேல் மெல்லிய படலம்போல் மிதந்து நிற்பது. மழைநீர் மண்ணுள் இறங்கினாலன்றி அப்படலம் நிலையாது, கிணறு உவர்ப்பாகும். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. 2023 டிசம்பர் 17, 18ஆம் நாள்களில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய பேய்மழையை எந்த முற்றமும் உறிஞ்சிவிட இயலாது. ஆயினும், ஆண்டுதோறும் ஐப்பசி கார்த்திகையில் பெய்யும் நல்ல மழையை மண் முற்றம் ஏற்கும். காரை முற்றமோ தெருவுக்குத் தள்ளும்.

இனி, முன்றிலை அணிசெய்யும் முறை பற்றியும் ஒன்று கூற வேண்டும். கடற்கரையில் வாழ்வோர் சிலர், பவளப்பாறைத் துண்டுகளைக் கொண்டு தோட்டத்தை அழகு செய்ய விரும்புகின்றனர். இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் எண்ணப்பட்டன. அவற்றைச் சூழ்ந்த பவளப்பாறைகள் அலையின் வேகத்தைத் தடுத்துக் கரையைக் காத்தன. மீனினம் பெருகவும் இடம் தந்தன. சுண்ணாம்புக்கும் கட்டடத்திற்கும் அப்பாறைகளை நெடுங்காலம் வெட்டி எடுத்தனர். பாறை அழியத் தீவும் தேய்ந்தது. தூத்துக்குடியை அடுத்த விலாங்குசல்லியும் கீழக்கரையை அடுத்த பூவரசன்பட்டியும் கடலுள் மூழ்கிவிட்டன. வான்தீவைக் காப்பதற்கு 2015ஆம் ஆண்டு முதல் கடலடியில் செயற்கைப் பாறைகளை இறக்க நேர்ந்தது. இன்று பவளத்தை எடுப்பது சட்டப்படி குற்றம்.

நம் ஊருக்குக் கடலே முற்றம், அத்தீவுகளே திண்ணை. ஊரின் திண்ணையை இடித்து வீட்டின் முற்றத்தை அழகு செய்யலாமோ? பிறிதோர் உயிரின் இருப்பிடத்தைப் பெயர்த்து நம் இருப்பிடத்தில் வைத்தல் அணி ஆகாது.

அவ்வாறாயின் நல்ல அணி எது? காலையில் நீர் தெளித்துப் பெருக்கிய தரை ஓர் அணி. அரிசி மாவால் இட்ட கோலம் ஓர் அணி; அது கண்ணுக்கு விருந்தாவதோடு எறும்புக்கும் உணவாகின்றது. மண்தொட்டியில் வைத்த துளசியும், வேலியோரத்து நந்தியாவட்டையும் செம்பருத்தியும் அணிகளே. வெயில் காலத்தில் பறவைக்கென வைத்த நீர்ச்சட்டி சிறந்ததோர் அணி. மாலையில் அமர்ந்து பேசும் பெரியோரும், அருகில் அமர்ந்து படிக்கும் பிள்ளைகளும் எல்லாவற்றினும் சிறந்த அணியாவர். மக்கள் அமராத முன்றில் எத்துணைப் பொருள் செலவிட்டு ஒப்பனை செய்யினும் வெறுமையாகவே தோன்றும்.

மாணவர்களே! நீங்கள் நாளை வீடு கட்டுவீர்கள். அல்லது கட்டிய வீட்டில் குடியிருப்பீர்கள். அடுக்குமாடியில் வாழ நேரினும் வாயில் உண்டு, மேல்மாடி உண்டு, ஒரு தொட்டிச் செடிக்கு இடமும் உண்டு. இன்று மாலையே உங்கள் வீட்டு வாசலில் சிறிது நேரம் அமர்ந்து பாருங்கள். தெருவில் செல்வோரில் எத்தனை பேரை உங்களுக்குப் பெயர் சொல்லித் தெரியும் என்று எண்ணுங்கள். அவர்களுள் களைத்தவர் ஒருவரை 'அமருங்கள்' என்று அழைத்து ஒரு குவளை நீர் கொடுங்கள். முன்றில் என்னும் சொல்லுக்கு உரிய பொருள் அப்பொழுது உங்கள் வீட்டு வாசலிலேயே விளங்கும்.