பாட்டில்ல அடைச்ச நிம்மதி

டிஸ்கி: மல்லிப்பூ, சந்தனம், சாம்பிராணிப் புகை எல்லாம் எனக்கும் பிடிக்கும். என் சண்டை வாசனையோட இல்லை, லேபிளோட. :-)

மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவுல ஒரு நடை போய்ப் பாருங்க. துணிக்கடை, கல் சிற்பம், மீன் சாப்பாடு, நடுநடுவே மசாஜ் போர்டு. சுற்றுலா ஊர், நாலு பேர் பொழைப்பு நடக்குது, சந்தோஷம். கடல்ல குளிச்சிட்டு வந்து வாசனை எண்ணெய் தேய்ச்சு ஒரு மணி நேரம் படுத்தா யாருக்கும் சுகமாத்தான் இருக்கும். அதுக்குக் காசு வாங்கறதும் நியாயம்தான்.

ஆனா போன மாசம் அந்தப் பக்கம் ஒரு கடையில என் கையில ஒரு அட்டையைத் திணிச்சாங்க. லாவெண்டர் மனச்சோர்வுக்கு, யூகலிப்டஸ் ஆஸ்துமாவுக்கு, எலுமிச்சைப்புல் பிபிக்கு, ரோஸ்மேரி சர்க்கரைக்கு! "தொடர்ந்து யூஸ் பண்ணீங்கன்னா மாத்திரையைக் குறைச்சுக்கலாம் சார்"னு விக்கிற தம்பி சொல்றாரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்தது அங்கேதான். சுகத்தை விக்கிறவன் வியாபாரி. அதையே மருந்துன்னு விக்கிறவனுக்கு வேற பேரு.

இதுல 'நம்ம சித்தர்கள் சொன்னது' என்ற பில்டப் வேற. சித்த மருத்துவத் தைலம்னா பெரும்பாலும் நல்லெண்ணெய் மாதிரி ஒரு எண்ணெயில மூலிகையைப் போட்டுக் காய்ச்சறது. பாட்டில்ல வர்ற 'எசென்ஷியல் ஆயில்' பெரும்பாலும் ஆவியில வடிச்ச சாரம், பல மடங்கு காட்டமானது. ரெண்டும் ஒண்ணில்லை. 'அரோமாதெரபி' என்ற பேரைப் பரப்பினதே வாசனைத் திரவியத் தொழில்ல இருந்த கட்ஃபோஸே என்ற பிரெஞ்சு வேதியியலாளர், 1937-ல வந்த தன்னோட புத்தகத்துல. அகத்தியரை ஏன் சாமி இழுக்கறீங்க?

அடுத்து 'நூறு சதவீதம் சுத்தமான மல்லி எண்ணெய், 10 மில்லி 150 ரூபா'. இதுக்குக் கணக்கு மட்டும் போதும். மல்லியை ஆவியில வடிச்சா வேலைக்கு ஆகாது. சத்தியமங்கலம், மதுரைப் பக்கம் மொட்டு வாங்கி ஹெக்ஸேன் என்ற கரைப்பான்ல ஊறவச்சு மெழுகு மாதிரி எடுப்பாங்க. அதை மறுபடி பிரிச்சாத்தான் சாரம். ஒரு கிலோ சாரத்துக்கு ஏறக்குறைய 700 கிலோ பூ வேணும். அப்ப 10 கிராமுக்கு ஏழு கிலோ. பூ கிலோ 300 ரூபான்னு குறைச்சலாவே வச்சாலும் பூவுக்கு மட்டும் 2,100 ரூபா. 150 ரூபாய்க்கு உள்ளே என்ன இருக்கும்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

"இயற்கைதானே, என்ன கெடுதல்"னு ஒரு கோஷ்டி வரும். கற்பூரமும் இயற்கைதான். கற்பூரம் கலந்த எண்ணெய் ஒரு டீஸ்பூன் சின்னக் குழந்தை வயித்துக்குள்ள போனா வலிப்பு வரும், உயிரே போகலாம். அமெரிக்காவுல 1980-களிலேயே அப்படிப்பட்ட எண்ணெயை விக்கத் தடை போட்டு, மத்த பொருள்கள்ல கற்பூரம் 11 சதவீதத்துக்கு மேல கூடாதுன்னுட்டாங்க. யூகலிப்டஸ் தைலமும் குடிச்சா விஷம். நாம என்னடான்னா சளி பிடிச்ச கைக்குழந்தை மூக்குக்குக் கீழயே தடவறோம்.

2021-ல நடந்தது தெரியுமா? இந்தியாவுல தயாரான லாவெண்டர்-சாமந்தி வாசனை ஸ்பிரே ஒண்ணு, 'அரோமாதெரபி' என்ற பேர்ல, அமெரிக்காவுல வால்மார்ட் கடைகள்ல வித்தது. நாலு மாநிலத்துல நாலு பேருக்கு மெலியாய்டோசிஸ் என்ற அபூர்வ நோய். அதுல ரெண்டு பேர் செத்துட்டாங்க, ஒண்ணு குழந்தை. நோய்க்கிருமி அந்த ஸ்பிரே பாட்டிலுக்குள்ளேயே இருந்தது. சுமார் 3,900 பாட்டிலைத் திரும்ப வாங்கினாங்க. இயற்கையில பூவும் இருக்கு, கிருமியும் இருக்கு. லேபிள்ல பூ மட்டும்தான் போடுவாங்க.

அதே வருஷம் நம்ம ஊர்க் கதையும் இருக்கு. ஏப்ரல்ல எல்லார் வாட்ஸப்புலயும் ஒரு செய்தி சுத்திச்சு. கற்பூரம், லவங்கம், ஓமம், ரெண்டு சொட்டு யூகலிப்டஸ் தைலம் எல்லாத்தையும் முடிச்சாக் கட்டி மோந்துக்கிட்டே இருந்தா ஆக்சிஜன் அளவு ஏறுமாம். ஏறாது. கற்பூரமும் தைலமும் மூக்குல இருக்கற குளிர்ச்சி உணர்ற நரம்பைத் தூண்டும், மூச்சு தாராளமாப் போற மாதிரி ஒரு நினைப்பு வரும், அவ்வளவுதான். ரத்தத்துல ஆக்சிஜன் அப்படியேதான் இருக்கும். நினைப்பு மட்டும் நல்லாயிட்டா ஆள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப மாட்டான் பாருங்க, ஆபத்தே அதுதான்.

அடுத்த மாசம், மே 4 ராத்திரி, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில ஒரே ராத்திரியில பத்துக்கு மேல உயிர் போச்சு. ஆக்சிஜன் அழுத்தம் குறைஞ்சதுதான் காரணம்னு உறவினர்கள் கதறினாங்க, ஆக்சிஜன் தட்டுப்பாடு இல்லைன்னு அதிகாரிகள் மறுத்தாங்க. அந்த வழக்குக்குள்ள நான் போகலை. சிலிண்டரும் குழாயும் டாக்டரும் எவ்வளவு முக்கியம்னு இந்த ஜில்லாவுக்கு அந்த ராத்திரி தெரிஞ்சது. அதுக்கப்புறமும் இங்கேயே உட்கார்ந்து முடிச்சு வைத்தியத்தை ஃபார்வர்டு பண்றவங்களை என்ன சொல்றது?

"அப்ப மூலிகை அறிவெல்லாம் குப்பையா"ன்னு கேட்பீங்க. இல்லவே இல்லை. மாமல்லபுரத்துலேருந்து வடக்கே கொஞ்ச தூரம் வந்தா வடநெம்மேலி. 1978-ல ஆரம்பிச்ச இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் அங்கே இருக்கு. செடிகொடியை இருளர்களை விட நல்லாத் தெரிஞ்சவங்க இந்தக் கரையில யாரு? அவங்கதான் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலையும் பிடிச்சு விஷம் எடுத்துத் தர்றாங்க. அதைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, அதோட ரத்தத்துலேருந்து முறிவு மருந்து தயாரிக்கறாங்க. செங்கல்பட்டு மாவட்டத்து வடிவேல் கோபால், மாசி சடையன் ரெண்டு பேருக்கும் 2023-ல பத்மஸ்ரீ கிடைச்சது. பாரம்பரிய அறிவு சோதனைச்சாலையோட கை கோத்தா உயிரைக் காப்பாத்தும். லேபிளோட கை கோத்தா பர்ஸைத்தான் காலி பண்ணும்.

கடைசியா, இந்த 'உணர்வு நலம்' சமாச்சாரம். எனக்குப் பெரிய கோபம் இதுலதான். வாசனையால மனசு கொஞ்சம் இளகும், நிஜம். பதட்டத்துக்கு லாவெண்டர் எண்ணெயை 80 மில்லிகிராம் கேப்ஸ்யூலா அடைச்சு ஜெர்மனியில சோதிச்சு, ஓரளவு பலன்னும் சொல்லியிருக்காங்க. அது அளவு பார்த்து முழுங்கற கேப்ஸ்யூல். அந்தச் சான்றிதழைத் தலையணையில தெளிக்கிற ரெண்டு சொட்டுக்கு ஒட்டக் கூடாது. மாசக்கணக்கா தூக்கமில்லாம, சாப்பாடு இறங்காம, வாழவே வேணாம்னு நினைக்கிற ஒரு பொண்ணுக்கு 'ரோஜா எண்ணெய் தடவும்மா'ன்னு சொல்றது கருணை இல்லை, காலத்தைத் திருடறது. அந்தப் பொண்ணுக்கு வேண்டியது மனநல மருத்துவர். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனா அதுக்கு ஸ்பா கட்டணமெல்லாம் தேவையில்லை. 2022 அக்டோபர்லேருந்து டெலி மானஸ்னு 14416 இருக்கு, போன் பண்ணா தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

சட்டமும் இருக்குங்க. 1954-லேயே வந்த மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டத்துல சர்க்கரை, ரத்த அழுத்தம், புற்றுநோய் எல்லாம் பட்டியல்ல இருக்கு. இதைக் குணமாக்கும்னு விளம்பரம் பண்ணா குத்தம். அந்த அட்டை அடிச்சவருக்கு இது தெரியுமோ தெரியாதோ, நமக்குத் தெரியணும்.

இயற்கை வைத்தியக் குறிப்பு எழுதற நம்ம பதிவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த எண்ணெயைப் பத்தி எழுதினாலும் மூணு விஷயம் சேர்த்து எழுதுங்க: எவ்வளவு அளவு, யாருக்கு ஆகாது, எப்ப டாக்டர்கிட்ட ஓடணும். இந்த மூணும் தெரியலைன்னா, வாசனை பிரமாதம்னு மட்டும் எழுதுங்க. நானும் வந்து ஆமாம் போட்டுட்டுப் போறேன்.